வன்னிப் புழுதியும் வைப்பர் றப்பரும்

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு வைப்பர் என்று ஒன்று இருப்பது ஐப்பசியில்தான் ஞாபகத்துக்கு வரும். முதல் மழை அடிக்கும், கோடை முழுக்கப் படிந்த புழுதி கண்ணாடியில் குழம்பாகக் கரையும், வைப்பரைப் போட்டால் அது துடைக்காமல் பூசிக்கொண்டு போகும், முன்னால் போகிற டிப்பரின் சிவப்பு லைட் இரண்டு, நாலாகி எட்டாகித் தெரியும். அடுத்த நாள் காலை பார்ட்ஸ் கடையில் சனம் நிற்கும். எல்லோரும் கேட்பது ஒரே சாமான். உங்கள் அளவு அன்றைக்கு முடிந்திருக்கும், "இது கொஞ்சம் கட்டை, ஆனா பூட்டலாம்" என்று எதையாவது எடுத்துத் தருவார்கள், பூட்டிக்கொண்டு வருவோம், தையில் மழை விட்டதும் திரும்ப மறந்துவிடுவோம்.

ஒவ்வொரு மாரிக்கும் இப்படி ஒரு சோடி வாங்கத் தேவையில்லை. வைப்பர் மழையில் ஓடி ஓடித் தேய்கிறது என்று நினைக்கிறோம். எங்கள் பக்கத்தில் அதைத் தின்பது மழையே இல்லாத மாதங்கள்தான். தண்ணீர் இருக்கும்போது றப்பர் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிறது, பெரிதாகத் தேயாது. மாசி தொடங்கிப் புரட்டாசி வரை, இடையில் சித்திரையில் வருகிற இடிமழையைத் தவிர, அது சும்மா சூடான கண்ணாடியில் கிடந்து காய்கிறதே, அந்தக் காலத்தில்தான் செத்துப்போகிறது. அதனால் வைப்பரைக் கவனிக்க வேண்டிய காலம் கோடை. வைப்பர் பராமரிப்பு என்று எழுதப்பட்டிருக்கிற அறிவுரைகளில் பாதி பனி பெய்கிற நாட்டுக்காரருக்கானவை. ஐஸைச் சுரண்டக்கூடாது என்ற அறிவுரை மாங்குளத்தில் யாருக்கு வேண்டும்? அவர்களையும் குறை சொல்ல முடியாது, வைப்பர் என்கிற சாமானே பனிக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண், நியூயோர்க்கில் ட்ராம் ஓட்டுநர் பனி மூடிய கண்ணாடியோடு படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்து கையால் இழுத்துத் துடைக்கிற ஒரு பொறியை யோசித்து 1903இல் காப்புரிமை எடுத்தார். எங்கள் வெயிலை யாரும் யோசிக்கவில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு கவலை, புதிது வாங்கினால் போச்சே என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல். நடுவில் 2022இல் ரூபா விழுந்த விழுகை எல்லோருக்கும் தெரியும். எங்கள் றோட்டில் ஓடுகிற அல்டோவும் வகன் ஆரும் விட்ஸும் அக்சியோவும் பெரும்பாலும் அந்த நிறுத்தத்துக்கு முன்னால் வந்தவை, பார்ட்ஸ் எல்லாம் பழைய விலையை மறந்து கனகாலம். அதோடு றப்பரை விட முக்கியமான ஒன்று, அது கெட்டால் கூடவே முன்கண்ணாடியும் கெடுகிறது. கண்ணாடி மாற்றுகிற விலையை ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள், வைப்பரில் தானாகப் பாசம் வரும்.

சரி, அது எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். வைப்பரில் வேலை செய்வது மிகச் சின்ன ஓர் இடம். நீளமான றப்பரின் அடியில் மெல்லிய ஓர் உதடு இருக்கிறது, அந்த உதட்டின் விளிம்புதான் கண்ணாடியைத் தொடுகிறது. வைப்பரின் கை ஒரு பக்கம் போகும்போது உதடு பின்னால் சாய்ந்து இழுபடும், திரும்பும்போது படக்கென்று மறுபக்கம் மடியும். இந்த மடிதல் ஒழுங்காக நடந்தால்தான் துடைக்கும். றப்பர் இறுகிவிட்டால் மடியாது. போகும்போது நன்றாக வழித்துக்கொண்டு போய், வரும்போது குதித்துக் குதித்துக் கடகடவென்று வரும் வைப்பர்களை எத்தனை பேர் வைத்திருக்கிறோம்!

இறுகுவதற்குக் காரணம் சூடு, வெயிலின் புறஊதாக் கதிர், காற்றில் இருக்கிற ஓசோன், இந்த மூன்றும்தான். இயற்கை றப்பரின் சங்கிலியில் இருக்கிற இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டுகிறது, அதுவும் றப்பர் வளைந்தோ இழுபட்டோ நிற்கிற இடத்தில் அதிகமாக வெட்டுகிறது. நிறுத்தி வைத்த காரில் உதடு எப்போதும் ஒரு பக்கம் வளைந்தபடிதானே கிடக்கிறது. அந்த வளைவில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். வாரக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் அந்தச் சாய்வே நிரந்தரமாகிவிடும். கம்பனிகள் இதற்காக றப்பரின் மேற்பரப்பைக் குளோரினால் பதப்படுத்துகின்றன, சிலது மேலே கிராஃபைட் பூசுகின்றன. புது வைப்பரைத் தடவும்போது விரலில் ஒட்டுகிற கறுப்புத் தூள் பெரும்பாலும் அந்தப் பூச்சுத்தான், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

றப்பருக்கும் இந்த நாட்டுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பிரேசிலில் எடுத்த விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் கன்றுகளாக இங்கே கொண்டுவந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். அமேசன் மழைக்காட்டு மரம் அது, இங்கேயும் களுத்துறை, கேகாலை மாதிரி ஈரப் பக்கங்களில்தான் தோட்டம் தோட்டமாக நிற்கிறது. அப்படிப்பட்ட மரத்தின் பாலில் செய்த சாமானைக் கொண்டுவந்து, நிழல் இல்லாத பஸ் நிலையத்துக்கு முன்னால் பகல் முழுக்க நிறுத்தி வைத்தால் அது எவ்வளவு தாங்கும்?

இரண்டாவது எதிரி புழுதி. ஒட்டுசுட்டான் பக்கம், துணுக்காய்ப் பக்கம் உள்ளே போகிற கிறவல் றோட்டுகளில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓடினால் போதும், பொனட்டில் பெயர் எழுதலாம். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் மணலும் உப்புக்காற்றும். இந்த மண்ணிலும் மணலிலும் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரணக் கண்ணாடி 5.5 பக்கம். என்றால், காய்ந்த புழுதியின் மேல் வைப்பரைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அரத்தாள் பிடித்துக் கண்ணாடியைத் தேய்க்கிறோம், அதே துகள் றப்பரின் விளிம்பிலும் புதைந்து அடுத்த தடவைக்குக் காத்திருக்கிறது. விளிம்பு பற்கள் விழுந்த மாதிரி ஆகும், கண்ணாடியில் வளைவு வளைவாகக் கீறல் விழும். காலையிலும் மத்தியானத்திலும் அது தெரியாது. பின்னேரம் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கி வாருங்கள், சூரியன் நேரே முகத்தில் இருக்கும், அப்போது எல்லாக் கீறலும் ஒன்றாக எரியும், முன்னால் சைக்கிளில் போகிற ஆளைக் கண்ணாடிக்குள் தேட வேண்டும். கீறல் ஒருமுறை விழுந்தால் புது றப்பர் போட்டும் பிரயோசனம் இல்லை.

ஆகவே, காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடவே கூடாது. எனக்கு இருப்பது இந்த ஒரு சட்டம்தான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. தண்ணீர் பீச்சி, அது கண்ணாடியில் பரவி வழிகிற வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு போடுங்கள். பல கார்களில் தண்ணீர்ச் சுவிட்சை இழுத்தவுடன் வைப்பரும் சேர்ந்து ஓடும், அப்படியானதில் சுவிட்சை நன்றாக இழுத்துப் பிடித்துத் தண்ணீர் தாராளமாக வரட்டும். புழுதி தடிப்பாக இருந்தால் இந்தப் பீச்சுத் தண்ணீர் போதாது, அது சேறுதான் குழைக்கும். நிறுத்தி இறங்கி ஒரு போத்தல் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மழையில் வந்து வீட்டில் நிறுத்தும்போது வைப்பர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே ஓடுகிறோம். வைப்பர் கண்ணாடி நடுவில் நின்றுவிடும், சுவிட்ச் போட்டபடியே இருக்கும். அடுத்த நாள் வெயில், கண்ணாடி காய்ந்து புழுதி படிந்திருக்கும், சாவியைப் போட்டவுடன் அது தானாக ஒரு இழுவை இழுக்கும். சூட்டில் றப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் விளிம்பும் கிழியும். முதலில் வைப்பரை நிறுத்தி, அது கீழே போய்ப் படுத்த பிறகு சாவியைத் திருப்புங்கள். கார் கழுவக் கொடுக்கும்போது மழை பார்த்துத் தானாக ஓடுகிற வைப்பர் உள்ள கார் என்றால் அதையும் மறக்காமல் நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

றப்பரைத் துடைப்பது பெரிய வேலை இல்லை. வைப்பரின் கையைத் தூக்கி, ஈரத் துணியை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்து, உதட்டின் வழியாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுக்க வேண்டும். துணியில் வருகிற மண்ணைப் பார்த்தால் நீங்களே அடுத்த தடவையும் செய்வீர்கள். எப்போது செய்வது என்று நேரம் தேட வேண்டியதில்லை, ஏ9இல் ஓடுகிற எவரும் முறிகண்டியில் நிறுத்தாமல் போவதில்லை. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, ஒருவர் கச்சான் வாங்கப் போக, மற்றவர் தேத்தண்ணி குடிக்கப் போக, காருக்குப் பக்கத்தில் எப்படியும் ஒருவர் சும்மா நிற்பார். அந்த ஆளிடம் துணியைக் கொடுங்கள்.

கையைத் தூக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேட்டை, அதாவது றப்பர் பூட்டியிருக்கிற பகுதியை, கழற்றிய வெறும் கை ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப விழுந்தால் கண்ணாடி வெடிக்கும். கழற்றுகிற நேரம் கீழே ஒரு தடித்த துவாயை மடித்துப் போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

எதனால் துடைக்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம், ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் வைத்தியம் அதிகம். மண்ணெண்ணெய் போட்டுத் துடை, பெற்றோல் போட்டுத் துடை, தேங்காய் எண்ணெய் பூசி வை, பிரேக் ஓயில் தடவு. மண்ணெண்ணெயும் பெற்றோலும் டீசலும் இயற்கை றப்பரை ஊதவைக்கும். பூசிய அன்று றப்பர் மெத்தென்று புதுசு மாதிரி இருக்கும், அதனால்தான் இந்த வைத்தியம் பரவியிருக்கிறது, பிறகு விளிம்பின் நேர் கெட்டு நெளிந்துவிடும். எந்த எண்ணெயும் கண்ணாடிக்குப் போய்ச் சேரும், மழை இரவில் எதிர்லைட் விழும்போது அந்த எண்ணெய்ப் படலம் வானவில் காட்டும். ரயருக்குப் பூசுகிற மினுக்கு எண்ணெயைச் சேர்விஸ் ஸ்டேசன் பெடியன்கள் அன்பு மிகுதியில் வைப்பருக்கும் பூசிவிடுவார்கள், "தம்பி, கண்ணாடிப் பக்கம் ஒண்டும் பூசவேண்டாம்" என்று முதலே சொல்லிவிடுவது நல்லது. மெழுகும் அப்படித்தான், உடம்புக்குப் பூசலாம், கண்ணாடிக்கு வேண்டாம். கடகட சத்தத்துக்குப் பாதிக் காரணம் கண்ணாடியில் ஏறிய மெழுகு.

அரத்தாளால் விளிம்பைத் தேய்த்தால் புதுசாகும் என்று ஒரு கதை ஓடுகிறது. இறுகிய மேல்தோல் போய் உள்ளே இருக்கிற மெத்தென்ற றப்பர் வெளியே வருவதால் கொஞ்ச நாளைக்கு நன்றாகத் துடைப்பது உண்மை. ஆனால் கம்பனி பதப்படுத்திய அந்தத் தோல்தான் அதன் கவசம், அது போன பிறகு மீதி வேகமாகப் போகும். வழியில் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லை என்றால் செய்யுங்கள். பார்மசியில் கிடைக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் எப்போதாவது ஒருமுறை, துணியில் நனைத்து லேசாக, பரவாயில்லை. வாராவாரம் செய்தால் அதுவும் றப்பரை உலர்த்தும். மற்றபடி தண்ணீரும் ஒரு சொட்டு ஷாம்பூவும் போதும்.

கிளிநொச்சியில் ஒரு பார்ட்ஸ் கடை அண்ணையிடம் "அண்ணை, இது எத்தினை நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டேன். "அது என்னட்ட கேக்கிற கேள்வியில்லைத் தம்பி, நீர் காரை எங்க விடுறீர் எண்டு சொல்லும், நான் சொல்லுறன்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். ஒரே கடையில் ஒரே சாமான் வாங்கிய இரண்டு பேரில், கிடுகுக் கொட்டிலுக்குள் விடுகிறவருக்கு இரண்டாவது மாரிக்கும் நிற்கிறது, வெட்டவெளியில் விடுகிறவருக்கு முதல் மாரியே முடிவதற்குள் கடகடக்கிறது.

கிடுகுக் கொட்டிலுக்கு நிகராக வைப்பருக்கு வேறு மருந்து கிடையாது. தகரக் கொட்டில் நிழல் தரும், ஆனால் உள்ளே வேகும். கொட்டிலே இல்லை, வேலைக்குப் போகிற இடத்தில் வெளியேதான் நிறுத்த வேண்டும் என்றால், பின்னேர வெயில் முன்கண்ணாடியில் விழாதபடி காரின் முகத்தைக் கிழக்கே வைத்து நிறுத்துங்கள், அல்லது பழைய சாரம் ஒன்றை ஈரமில்லாமல் கண்ணாடியில் விரித்து வைப்பரை அதன் மேல் படுக்க விடுங்கள். றப்பருக்கும் சூட்டுக் கண்ணாடிக்கும் நடுவில் துணி இருக்கும். துணியில் மண் இல்லாமல் உதறிவிட்டுப் போடுங்கள், எடுக்கும்போது இழுக்காமல் வைப்பரைத் தூக்கிவிட்டு எடுங்கள்.

மரநிழல் நல்லதுதான், எந்த மரம் என்று பார்த்து நிறுத்த வேண்டும். வேம்பு பரவாயில்லை, இலை உதிரும், வைப்பருக்கு அடியில் சேர்கிற இலைக் குப்பையை எடுத்துவிட்டால் சரி. மாமரம் பூக்கிற காலத்தில் அதன் கீழ் நிறுத்தாதீர்கள். பூவில் இருக்கிற தத்துப்பூச்சி தேன் மாதிரிப் பிசுபிசுப்பைச் சொட்டும், கண்ணாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பசைப் புள்ளி, அதன் மேல் புழுதி ஒட்டும், அதன் மேல் வைப்பர் ஓடும். காக்கை எச்சம் எங்கே நிறுத்தினாலும் வரும். காய்ந்த எச்சத்தை வைப்பரால் எடுக்க முயலாமல், நனைத்த பேப்பரை மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரை நிமிர்த்தி விட்டுவிட்டுப் போகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. றப்பருக்கு அது நல்லது என்பது உண்மை, சூட்டுக் கண்ணாடியைத் தொடாது. ஆனால் வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் சோளகக் காற்று அடிக்கிற அடியில் நிமிர்ந்த கை தானாகப் படீரென்று விழக்கூடும். குரங்கு திரிகிற இடம் என்றால் சொல்லவே வேண்டாம், நிமிர்ந்து நிற்கிற வைப்பர் அதற்கு விளையாட்டுச் சாமான். நான் நிமிர்த்துவதில்லை.

தண்ணீர்த் தொட்டி பற்றியும் கொஞ்சம். வன்னியில் ஓடுகிற கார்களில் வைப்பர்த் தொட்டி காலியாகவே கிடக்கும், மழைக்கு வேண்டுமானால் வானம் தரும்தானே என்ற எண்ணம். அந்தத் தொட்டி தேவைப்படுவதே மழை இல்லாதபோதுதான். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், சில இடங்களில் சவர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு பீச்சுகிற துவாரத்தையும் அடைக்கும், கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து இறுகும், அந்தப் புள்ளிகளில் தட்டுப்பட்டுத்தான் விளிம்பு போகிறது. சிறுநீரக நோய்ப் பயத்தில் இப்போது பல ஊர்களில் ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்பை வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணீர், எடுக்கிறோம், அதில் ஒரு போத்தலைத் தொட்டிக்கும் ஊற்றலாம். காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள், அதில் உப்பு ஒன்றும் இல்லை. மாரியில் கூரைத் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற லிக்விட்டை ஊற்ற வேண்டாம், நுரைக்கும், காய்ந்தால் படலம் விடும். துவாரம் அடைத்தால் குண்டூசியால் மெதுவாகக் குத்தலாம், பீச்சுகிற திசையையும் அதே ஊசியால் சரிசெய்யலாம். ஏற்கனவே படிந்த வெள்ளைப் புள்ளிக்கு வினாகிரியில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போகும்.

வைப்பரை மாற்றியும் சரியாகவில்லை என்று சொல்கிறவர்களின் காரில் பெரும்பாலும் பிழை கண்ணாடியில் இருக்கும். தை, மாசியில் வெட்டுக் காலம், மெசின் வயலில் ஓடும்போது பறக்கிற சுனையும் தூசும், பிறகு வைக்கோல் எரிக்கிற புகை, றோட்டோரம் காயப்போட்ட நெல்லின் உமித் தூள், எல்லாம் கண்ணாடியில் ஒரு படலமாக ஏறியிருக்கும். கழுவியும் போகாது. சோதிக்க ஓர் எளிய வழி: கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு விரலால் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையினூடாக நன்றாகத் தெரியும். தெரிந்தால் கண்ணாடிக்கென்று விற்கிற பொலிஷ் எதையாவது போட்டு ஒருமுறை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு பழைய றப்பரே புதுசு மாதிரி ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

முதல் மழைக்குப் பிறகு வருகிற ஈசல் தனிக் கதை. இரணைமடுப் பக்கம் வயலோரம் இரவில் ஓடினால் லைட்டுக்கு முன்னால் மழை மாதிரி வரும், கண்ணாடியில் மோதிக் கொழுப்பாக அப்பும். அந்த நேரம் வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்க வெண்ணெய் பூசின மாதிரி ஆகிவிடும், எதிர்லைட் வந்தால் ஒன்றும் தெரியாது. அந்தத் தார் றோட்டில்தான் சூட்டுக்காக மாடுகள் வந்து படுத்திருக்கும், காட்டோரம் என்றால் யானையும் ஏறும். ஈசல் அடித்தால் மெதுவாக்கி, வெளிச்சமான இடம் ஒன்றில் நிறுத்திக் கையால் கழுவுங்கள்.

எந்தக் குறைக்கு எது காரணம் என்று பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள். ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் விளிம்பில் மண் ஒட்டியிருக்கிறது அல்லது பல் விழுந்திருக்கிறது, துடைத்தும் போகாவிட்டால் றப்பரை மாற்ற வேண்டும். அகலமாக ஒரு பட்டை துடைக்காமல் விடுபட்டால் றப்பரில் பிழை இல்லை, பிரேமின் மூட்டுகளில் மண் இறுகி அது வளைய மறுக்கிறது, அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மூட்டைக் கழுவி ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கடகடத்தால் கை முறுகியிருக்கலாம், பிளேட் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், கராஜில் நிதானமான ஆள் ஒருவர் அதை நிமிர்த்தித் தருவார். கண்ணாடி முழுக்க மங்கல் என்றால் படலம்.

இன்னொன்று, முழு வைப்பரையும் வாங்க வேண்டிய அவசியம் பல நேரம் இல்லை. ஜப்பான் கார்களோடு வந்த பிரேம்கள் பலவும் றப்பரை மட்டும் மாற்றுகிறபடி செய்தவை. பிரேம் நேராக இருந்தால் றப்பர் மட்டும் கேளுங்கள், விலை நன்றாகக் குறையும், கடைகளில் தானாக எடுத்துத் தரமாட்டார்கள். பழைய றப்பரையே கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது, நீளம் மட்டும் போதாது, அகலமும் பொருந்த வேண்டும், 6 மில்லிமீற்றரும் இருக்கிறது, அதைவிடப் பெரிதும் இருக்கிறது. உள்ளே இரண்டு மெல்லிய உருக்குத் தகடுகள் ஓடும், அவற்றை எறிந்துவிடாமல் புது றப்பரில் அதே வளைவுப் பக்கமாக, தகட்டில் இருக்கிற வெட்டு றப்பரின் மேட்டில் உட்காரும்படி செருகுங்கள். பூட்டு எந்த முனையில் இருந்ததோ அதே முனையில் வரட்டும். எலும்பில்லாத தட்டை வைப்பர்கள் பார்வைக்கு நல்லவை, மூட்டு இல்லாததால் மண் பிடிக்காது என்பது எங்கள் பக்கத்துக்கு ஒரு வசதிதான், ஆனால் மலிவானவற்றின் வளைவு உங்கள் கண்ணாடியின் வளைவோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பூட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்குகிறதை வாங்காதீர்கள், அது விற்கப்படாமலே பாதி உயிர் போனது, உள்ளே இருந்து ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வாங்குகிற நாளுக்கு என் தெரிவு ஆயுதபூசை. மாரிக்குச் சற்று முன்னால் வருகிறது, எப்படியும் அன்றைக்கு வாகனத்தைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கப் போகிறோம். கழுவுகிற கையோடு கண்ணாடியைப் பொலித்தீன் பையால் சோதித்து, றப்பரை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றிவிட்டால் முதல் மழைக்கு அடுத்த நாள் கடையில் நிற்கத் தேவையில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் பொனட்டில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம். பிள்ளையார் கோபிக்கமாட்டார், வைப்பர் இழுத்துப் பூசும்.

இவ்வளவு செய்தாலும் 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்று இரணைமடுக் கதவுகள் திறந்தபோது பெய்த மாதிரி மழை வந்தால் எந்த வைப்பரும் உதவாது. அதிவேகத்தில் போட்டும் முன்னால் தெரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி விடுகிற வரை இருக்க வேண்டியதுதான்.

பின்கண்ணாடி வைப்பரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிறவல் றோட்டில் புழுதி முழுக்கச் சுழன்று பின்னால்தான் அப்பும், அதனால் காய்ந்தபடி போடக்கூடாது என்ற சட்டம் அங்கே இரட்டிப்பு. குழந்தைகள் சுவிட்சைத் திருகி விளையாடுகிற கார் என்றால் கோடையில் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், கையின் முனையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு. மாற்றிய பழைய றப்பரையும் எறிய வேண்டாம். நல்லபடி இருக்கிற துண்டை வெட்டி ஒரு தடித் தகட்டில் செருகினால் வீட்டு யன்னல் கண்ணாடி வழிக்க நன்றாக இருக்கிறது, எங்கள் வீட்டில் அதற்கு இப்போது போட்டி.